கரட்டுக்குக் கேட்கும், ஊருக்குக் கேட்காது

திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கி முதல் தேநீரைக் கையில் வாங்கியபோது என் மனைவியின் குரல் கேட்டது. டீக்கடை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வால்வு ரேடியோ. அதற்குள்ளிருந்து அவள் நேரம் சொன்னாள், அடுத்த பாட்டு எந்தப் படம் என்று சொன்னாள், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாள். கொழும்பில் நான் விட்டுவிட்டு வந்த குரல், எனக்கு முன்பாகக் கடல் தாண்டி வந்து இங்கே குடியேறியிருந்தது. தம்ளர் கையைச் சுட்டதுகூடத் தெரியாமல் நின்றேன்.

தவமணி கொழும்பில் தமிழ் அறிவிப்பாளர். தென்னிந்திய நேயர்களுக்கான திரைப்பாட்டு நேரம் அவளுடையது. நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கருவிகளோடு மல்லுக்கட்டுகிற என்ஜினியர். அறுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு அரசாங்கங்களும் ஆள் மாற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டில் என்னை மூன்று மாதம் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. கோயில் குளமெல்லாம் சுற்றி, இனி இல்லை என்று விட்ட பிறகு வந்த பிள்ளை. நான் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். அவள்தான் பெட்டியை அடுக்கினாள்.

புறப்படும்போது விளையாட்டாகக் கேட்டேன், நான் அங்கே கேட்டுக்கொண்டிருப்பேன், எனக்காக ஒரு சொல், ஒரு பாட்டு, ஏதாவது போடக்கூடாதா என்று. "மைக் எங்கட வீட்டுச் சாமான் இல்லை" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். திருப்பூரில் இருந்த நாளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஊருக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். எனக்கென்று ஒரு இருமல்கூட இல்லை.

வேலை இதுதான். புதிதாக ஒரு வானொலி நிலையம் வரப்போகிறது. நிகழ்ச்சி நடத்தும் இடம் திருப்பூரில், ஒரு மூன்று மாடிக் கட்டடம். ஒலிபரப்பும் கோபுரமோ காங்கேயம் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரட்டின் மேல். மண்ணை விடப் பாறை அதிகமாக இருக்கும் சிறு குன்றை இங்கே கரடு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே டெலிபோன் கம்பி இழுத்துப் பார்த்தார்கள். செப்பு என்பதால் திருடர்கள் விட்டுவைக்கவில்லை, கம்பி கம்பத்தில் தங்கவில்லை. அதனால் கம்பியில்லாமல், காற்று வழியாகவே ஓர் இணைப்பு. ஊர் சொல்வது கரட்டுக்குப் போகவேண்டும். கரட்டில் ஏதாவது பழுதென்றால் அங்கிருப்பவர் சொல்வது ஊருக்கு வரவேண்டும். மழையோ வெயிலோ, இரண்டு வழியும் அறுந்துபோகக் கூடாது.

எனக்குத் துணையாகக் கொடுத்தவர் பழனிசாமி. காங்கேயத்துக்காரர், என் வயதுதான். எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டாமல் வாயை மூடமாட்டார். நாயை விரட்டும்போதுகூடப் "போங்க" என்றாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பேசினால் சண்டை பிடிக்கிறோம் என்று அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இவர்கள் சண்டை பிடித்தாலும் கல்யாணத்துக்கு அழைப்பது போலிருக்கிறது.

சாப்பாட்டில் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான். கடல் இல்லாத ஊர். மீன் என்றால் குளத்து மீன், அதுவும் வாரத்தில் ஒரு நாள். ஆனால் சந்தகை என்று ஒன்று கொடுத்தார்கள். பார்த்தால் எங்கள் இடியப்பம். நாங்கள் பிழிந்து அவிப்போம், இவர்கள் அவித்துப் பிழிகிறார்கள். இதற்காகப் பழனிசாமியோடு ஒரு காலை முழுவதும் வாதாடினேன். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி மூன்றாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டே வாதாடியதால் என் கட்சி எடுபடவில்லை.

முதலில் வரைபடத்தில் கோடு போட்டோம். பிறகு கோடு உண்மையா என்று பார்க்க ஒருவர் மாடியிலும் ஒருவர் கரட்டிலும் நின்று கண்ணாடியால் சூரியனைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒளி தெரிந்தால் நடுவே மறைப்பில்லை. நான் கரட்டில் நின்றேன். கீழே பனை, வேலி, மேய்கிற மாடு, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை வெயில். சலித்துப்போய்க் கண்ணாடியைக் கீழே வைக்கப்போன நேரத்தில் தொலைவில் ஒரு பொட்டு மின்னியது. பழனிசாமி. பெரிய மனிதன் என்று பார்க்காமல் குதித்தேன். கரட்டின் காவல்காரர் நாச்சிமுத்து, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆள் நம்மைக் கூப்பிடுவது கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு உடனே தவமணி நினைவு வந்தது. அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்க எவ்வளவு உயரமான கரடு வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஜீப் வழியில் நின்றுவிட்டது. தள்ளினோம், திட்டினோம். கடைசியில் வயலில் இருந்த ஒருவர் தன் காங்கேயம் காளைகளை அவிழ்த்துக்கொண்டு வந்து ஜீப்பின் முன்னால் பூட்டினார். திமிலும் கொம்புமாக இரண்டு மகாராஜாக்கள். "ஏனுங்க, பிரேக்கை மட்டும் போட்டுறாதீங்க, மாடு சங்கடப்படும்" என்று கேட்டுக்கொண்டார். ரோட்டோர டீக்கடை வரை அரசாங்க ஜீப்பில் மாடு பூட்டி வந்து சேர்ந்தேன். அங்கேயும் ரேடியோவில் பாடியவரின் பெயரைச் சொன்னது என் மனைவிதான்.

அவள் இல்லாத இடமே அந்த வட்டாரத்தில் இல்லை. பனியன் கம்பெனிகளுக்குள் போனால் பின்னும் மெஷின்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த இரைச்சலுக்கு மேலே ரேடியோவை வைத்திருப்பார்கள். கட்டிங் மேஜைக்காரர்கள், கை தைப்பவர்கள், மடித்து அட்டைப்பெட்டியில் வைக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கார்டில் பெயர் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். பெயர் வரும் நாளில் மெஷினைக்கூட நிறுத்திவிடுவார்களாம். நான் இலங்கைக்காரன் என்று தெரிந்ததும் மடிக்கிற பெண் ஒருத்தி, அந்த அம்மாவை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஒரே கட்டடம்தான், பார்த்திருக்கிறேன் என்றேன். எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள். நல்லாக இருப்பார்கள் என்றேன்.

அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் ஊரே என்னிடம் கார்டைக் கொடுத்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அவள் பேசும்போது என் முகத்தை நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது என்பது இன்னொரு பக்கம். பழனிசாமிக்கு மட்டும் சொன்னேன். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் டீக்கடையில் அவள் குரல் வந்ததும் என்னை விட்டுச் சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்.

ஏரியல்கள் ஏறின, வயர்லெஸ் பெட்டிகள் வந்தன. முழுச் சோதனைக்குப் பழனிசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். வேலைநாளில் விருந்தாளியை வீட்டுக்குக் கூட்டிப்போனால் ஆற அமரச் சோறு போட முடியாது, சோதனையும் முடியட்டும், அப்படியே ஊட்டுக்கும் வந்து சாப்பிட்டுப் போங்க என்பது அவர் கணக்கு. சோதனை அருமையாக நடந்தது. நான் கரட்டிலிருந்து சொன்னதெல்லாம் ஊரில் கண்ணாடியாகக் கேட்டது, ஊர் சொன்னது கரட்டில் கேட்டது. மாலையில் அவர் வீட்டில் வெள்ளாட்டுக் கறியும், ஒப்பிட்டு என்று அவர்கள் சொல்லும் இனிப்புப் போளியும் சாப்பிட்டேன். அவர் மனைவி, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கருப்பட்டி ஒரு பொட்டலம் கட்டித் தந்தார். வெற்றி என்று இரண்டு பேரும் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டோம்.

திங்கட்கிழமை ஊருக்கு எதுவும் கேட்கவில்லை. ஊர் பேசுவது கரட்டில் மணி போலக் கேட்கிறது; கரட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஊரில் வெறும் இரைச்சல். ஏரியலைத் திருப்பினோம், வால்வை மாற்றினோம். சந்தேகத்துக்கு ஒரு பனையின் மட்டைகளைக்கூட வெட்டினோம். அடுத்த ஞாயிறு ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. திங்கள் பிறந்தால் பழைய கதை. எனக்குத் திரும்பிப்போகும் நாள் நெருங்கியது. இதை முடிக்காமல் விடமாட்டார்கள் என்ற கவலை. அந்த வாரம்தான் தவமணியின் குரலும் நின்றுபோனது.

முதல் நாள் வேறொரு பெண் பேசினாள். லீவு போலும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அவளே. தவமணியின் பிரசவ லீவு தொடங்க இன்னும் நாள் இருந்தது. காய்ச்சலென்றாலும் வேலைக்குப் போகிறவள். கொழும்புக்குத் தந்தி கொடுத்தேன். பதில் வரவில்லை. டீக்கடைக்காரர் ரேடியோவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "அந்த அம்மாவைக் காணமுங்களே" என்று என்னிடமே கேட்டார். கம்பெனியிலும் கேட்டார்கள், நான் தங்கியிருந்த லாட்ஜிலும் கேட்டார்கள். ஊரே என் மனைவியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் எல்லாரிடமும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று மாதத்தில் எனக்கென்று ஒரு சொல் சொல்லவில்லையே என்று குறைபட்டவன், அவள் யாருக்காவது நேரம் சொன்னால் போதும் என்று ஏங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நான் கரட்டுக்குப் போனேன். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. பழனிசாமி ஊரில், மாடியில். வழக்கம்போல அவர் குரல் தெளிவாக வந்தது. என்ன பேசுகிறார் என்று புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், உங்களுக்குத் தந்தி வந்திருக்குதுங்க. லாட்ஜுல வாங்கி எங்கிட்டக் குடுத்தாங்க. பிரிக்கலீங்க. அடுத்தவங்க தந்தியை அவங்க சொல்லாமப் பிரிக்கறது மொறையில்லீங்க. நான் சொல்றது கேட்டுதுன்னா, பிரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பிரியுங்கள் என்றேன். பிரியுங்கள் பழனிசாமி என்று கத்தினேன். பிறகு அதே பணிவோடு, ஒன்றும் கேட்கவில்லைங்க, மறுபடி சொல்லிப் பாருங்க என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி கேட்கவில்லை. இப்படியே ஒரு காலை முழுவதும் போனது. தந்தி அவர் கையில் இருக்கிறது, அவர் குரல் என் காதில் இருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எப்போதோ கிழித்துப் படித்திருப்பார். இந்த மனிதர் நல்லதோ கெட்டதோ என் வாயிலிருந்து உத்தரவு வராமல் அந்த உறையைப் பிரிக்கமாட்டார். ஜீப் தயாரானதும் நானே கொண்டுவந்து கையில் தருகிறேன் என்று வேறு ஆறுதல் சொன்னார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

காங்கேயத்துக்கு நடந்துபோய் டெலிபோன் செய்யலாமா என்று நினைத்தேன். நடுவில் அவர் மனம் மாறிப் பிரித்துப் படித்துவிட்டால்? கரட்டை விட்டு இறங்கினால் அந்தக் குரலும் போய்விடும். நாச்சிமுத்து மோர் கொண்டுவந்து வைத்தார். "குடிங்க சாமி, தொண்டை வறண்டு போச்சு" என்றார். குடிக்கவில்லை. பிரியுங்கள் பிரியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நடுப்பகலில், பழனிசாமி பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் எங்கோ மில்லின் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம். சங்கு நின்றதும் அவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

"கேக்குதுங்க சார். பிரியுங்கன்னு சொல்றீங்க. நல்லாக் கேக்குதுங்க."

உறை கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒலிவாங்கி திறந்திருப்பது தெரிகிறது, அவர் மூச்சு விடுவதுகூடத் தெரிகிறது.

"அம்மா நல்லா இருக்காங்களாமுங்க" என்றார். "அதை மொதல்ல கேட்டுக்குங்க."

அவர் அதை முதலில் சொன்னதிலேயே மிச்சம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன். குழந்தை என்றேன்.

"இல்லீங்க சார்."

எத்தனையோ தடவை அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டீ குடிக்கிறீர்களா, இல்லீங்க. பஸ் போய்விட்டதா, இல்லீங்க. நான் பேசும் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். காலை முழுவதும் எந்த வழி திறக்காதா என்று கத்தினேனோ அந்த வழி இப்போது திறந்து கிடந்தது. நான் அழுவதை அவர் கேட்க வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன்.

அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க சார்" என்றார். "நான் சித்த நேரம் பேசிக்கிட்டிருக்கறேன். கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரிங்க."

பேசினார். ஜீப்புக்கு என்ன கோளாறு என்று சொன்னார். இன்றைக்கு மாடியில் காற்று அதிகம் என்றார். அவர் வீட்டுக் கிடாரி கன்று ஈன்றிருப்பதைச் சொல்ல வந்து, சட்டென்று விட்டுவிட்டு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொன்னார். நடுவே, இப்போதுதான் உறைக்கிறதுங்க, சங்கு ஊதிக் கம்பெனி மோட்டாரெல்லாம் நின்றதும்தானே உங்கள் குரல் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி லீவுதானே என்றார். அந்த மோட்டார்கள் விடும் பொறிகள்தான் ஊர்க் காற்றை இரைச்சலாக்கி, கரட்டிலிருந்து வரும் மெல்லிய அலையை மூழ்கடித்திருக்கின்றன. கரட்டில் மோட்டார் இல்லை, அதனால் எங்களுக்குக் குறையில்லாமல் கேட்டது. வாரக்கணக்கில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விடை அது. அவர் அதை மாட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு மேலே போனார்.

மறுபடி சங்கு ஊதியது. இனி நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் நிறுத்தவில்லை. ஊரில் ஜீப் வந்து மாடிக்குக் கீழே நிற்கும் வரை பேசினார். கடைசியில், ஜீப் வந்துவிட்டது, நான் கிளம்புகிறேன், வழி முழுக்க உங்களை நினைத்துக்கொண்டுதான் வருவேனுங்க என்றார். பெட்டியில் வெறும் அமைதி வந்தபிறகு நாச்சிமுத்து வைத்த மோரைக் குடித்தேன்.

மறுநாள் புறப்பட்டேன். பிறகு பழனிசாமி ஊர்ப்பக்கத்து ரிசீவரை மோட்டார் இல்லாத வெளியில், காங்கேயம் போகும் வழியில் நகர்த்தி வைத்து இணைப்பை முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். ஆனால் வழியெல்லாம் என் மனதில் அது இல்லை.

கொழும்பு வீட்டில் தவமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் யாருடனும் பேசவில்லை என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஏதாவது கேட்டார்கள். சாப்பிடுகிறாயா என்றார்கள், வலிக்கிறதா என்றார்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தைப் பார்த்தார்கள். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் பேசத் தொடங்கினேன். அவித்துப் பிழிகிற இடியப்பத்தைச் சொன்னேன். ஜீப்பில் பூட்டிய காளைகளைச் சொன்னேன். பனியன் மடிக்கிற பெண்களைச் சொன்னேன். டீக்கடைக்காரர் அந்த அம்மாவைக் காணோமே என்று என்னிடமே கேட்டதைச் சொன்னேன். அவள் கேட்கிறாளா இல்லையா என்று தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு நாள் நாளாகப் பேசினேன்.

ஒரு மாலை, நான் பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது அவள் சுவரை விட்டுத் திரும்பினாள்.

"அங்கை என்ரை குரல் வடிவாக் கேக்குதோ?"

"கேக்குது" என்றேன். "நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.